ஒரு டாலர் காசு ஏன் கல்லாவுக்கு வரவே இல்லை

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்நாட்டு நாணயச்சாலை, ஒரு டாலர் காசுகளை யார் கேட்டாலும் வீட்டுக்கே அனுப்பிவைத்தது. முகமதிப்புதான் விலை. அனுப்பும் செலவு அரசுடையது. கிரெடிட் கார்டிலும் பணம் கட்டலாம். எப்படியாவது மக்கள் கையில் காசு புழங்கட்டும் என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு. விமானப் பயணப் புள்ளிகள் சேர்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். கார்டைத் தேய்த்து ஆயிரக்கணக்கில் காசு வாங்குவது, வந்த பெட்டியை அப்படியே வங்கிக்குக் கொண்டுபோய்க் கணக்கில் கட்டுவது, அதே பணத்தில் கார்டு பாக்கியை அடைப்பது. கைக்காசு ஒரு சென்ட் செலவில்லை, விமானப் புள்ளிகள் மட்டும் மிச்சம். காசு என்னவோ நாணயச்சாலையிலிருந்து கிளம்பி, ஒரு வீட்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, வங்கி வழியாக, அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் பெட்டகத்தில் போய்த் தூங்கியது. 2011 ஜூலையில்தான் கார்டில் விற்பதை நிறுத்தினார்கள்.

ஒரு டாலர் நோட்டை எடுத்துவிட்டுக் காசைக் கொண்டுவரலாமா என்பது அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடும் விவாதம். காசு பலமுறை தோற்றிருக்கிறது, அதனால் அமெரிக்கர்களுக்குக் காசு பிடிக்காது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நோட்டு கையில் இருக்கும்வரை எந்த நாட்டிலும் யாரும் காசைத் தேடிப் போனதில்லை. அமெரிக்கா ஒருமுறைகூட நோட்டை எடுத்துப் பார்க்கவில்லை. அது உண்மையான போட்டியே இல்லை.

ஆனால் காசின் பக்கமும் குற்றம் உண்டு. 1971-ல் வந்த ஐசன்ஹோவர் டாலர் 38.1 மில்லிமீட்டர் அகலம், 22 கிராமுக்கு மேல் எடை. நாலு காசைச் சட்டைப்பையில் போட்டால் பை தொங்கிவிடும். சூதாட்ட விடுதிகளைத் தாண்டி அது பெரிதாகப் புழங்கவில்லை. சரி, சிறிதாக அடிப்போம் என்று 1979-ல் சூசன் பி. ஆண்டனி டாலரைக் கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவரின் முகம். புழக்கத்துக்கு வந்த அமெரிக்கக் காசில் கற்பனை உருவமாக இல்லாமல் உண்மையான ஒரு பெண் இடம்பெற்றது அதுவே முதல்முறை. ஆனால் அகலம் 26.5 மில்லிமீட்டர். கால் டாலர் காசான குவார்ட்டரின் அகலம் 24.26. இரண்டும் ஒரே வெள்ளி நிறம், இரண்டின் விளிம்பிலும் ஒரே மாதிரி கோடுகள். முதலில் பதினொரு பக்கங்கள் கொண்ட காசாகத்தான் திட்டமிட்டார்கள். விற்பனை இயந்திரங்கள் வைத்திருந்தவர்கள் உருண்டையாக இருந்தால்தான் வசதி என்றார்கள். அந்தப் பதினொரு கோணம் கடைசியில் காசின் உள்விளிம்பில் வெறும் அலங்காரமாக மிஞ்சியது.

இந்தக் குழப்பம் நமக்குப் புதிதல்ல. 2011-ல் வந்த புதிய 2 ரூபாய், பழைய 1 ரூபாயின் அளவிலேயே இருந்ததால் சில்லறையைக் கண் அருகே கொண்டுபோய்ப் படித்துப் பார்த்துக் கொடுத்த நாட்களை யோசித்துப் பாருங்கள். அங்கே வித்தியாசம் ஒரு ரூபாய். அமெரிக்கரோ ஒரு டாலரைக் கால் டாலர் என்று நினைத்துக் கொடுத்தால் முக்கால் டாலர் போய்விடும். முதல் ஆண்டில் மட்டும் 75 கோடிக்கு மேல் ஆண்டனி டாலர்களை அடித்துத் தள்ளினார்கள். 1981-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். கிடங்கில் இருந்தது தீரவே இருபது ஆண்டுகள் ஆயின. அதுவும் பெரும்பாலும் இயந்திரங்களின் வழியாகத்தான் தீர்ந்தது.

2000-ல் வந்த சகாகவேயா டாலரில் பழைய தவறுகளைத் திருத்தியிருந்தார்கள். தங்க நிறம், வழுவழுப்பான விளிம்பு. மேற்கு நோக்கிப் போன லூயிஸ், கிளார்க் பயணக் குழுவோடு கைக்குழந்தையைச் சுமந்தபடி நடந்த ஷோஷோனி இனப் பெண்ணின் உருவம். அளவிலும் மின்காந்தத் தன்மையிலும் ஆண்டனி டாலரைப் போலவே இருந்ததால் இயந்திரங்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வால்மார்ட் கடைகளின் வழியாகப் புழக்கத்தில் விட்டார்கள், சீரியோஸ் என்ற காலை உணவு டப்பாக்களில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒரே ஆண்டில் 100 கோடிக்கும் மேல் அடித்தார்கள். பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள், எடுத்து வைத்துக்கொண்டார்கள். பெட்டியில் போன காசு வெளியே வரவில்லை. கடைக்காரர் கேட்டால் வங்கி தருவதில்லை. வங்கியைக் கேட்டால், கடைக்காரர் யாரும் கேட்பதில்லை என்றது.

மறைந்த குடியரசுத் தலைவர்களை வரிசையாக, ஆண்டுக்கு நான்கு பேராக, காசில் பொறிக்கும் சட்டம் 2005-ல் வந்தது. 2007-ல் வாஷிங்டனிலிருந்து தொடங்கினார்கள். 2011 டிசம்பரில் கருவூலத்துறை கணக்குப் பார்த்தபோது, அடித்த காசில் 40 சதவீதத்துக்கு மேல் ஃபெடரல் ரிசர்வுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. பெட்டகங்களில் சுமார் 140 கோடி காசுகள் கிடந்தன. புழக்கத்துக்காக அடிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டு, சேகரிப்பாளர்கள் கேட்டால் மட்டும் அடிப்பது என்று முடிவெடுத்தார்கள்.

அதே காலத்தில் மற்ற நாடுகள் செய்ததைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கனடா 1987-ல் ஒரு டாலர் காசை வெளியிட்டது. முதலில் திட்டமிட்டது படகோட்டிகளின் படம். அதன் அச்சுகள் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக் போகும் வழியில் தொலைந்துபோயின. யாராவது கள்ளக்காசு அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், லூன் என்ற நீர்ப்பறவையின் படத்தைப் போட்டார்கள். அந்தப் பறவையே பெயராகி, ‘லூனி’ என்றே இன்றுவரை சொல்கிறார்கள். பெயர்க்கதை சுவாரஸ்யம்தான், ஆனால் காசு ஜெயித்தது அதனால் இல்லை. 1989 ஜூன் முடிவில் கனடா ஒரு டாலர் நோட்டு கொடுப்பதை நிறுத்தியது. அவ்வளவுதான். முணுமுணுத்தவர்கள் சில மாதங்களில் பழகிக்கொண்டார்கள். 1996-ல் இரண்டு டாலருக்கும் காசு வந்துவிட்டது. பிரிட்டன் 1983-ல் ஒரு பவுண்டு காசைக் கொண்டுவந்தது, 1988 மார்ச்சில் நோட்டைச் செல்லாததாக்கியது. ஆஸ்திரேலியா 1984-ல் ஒரு டாலரையும் 1988-ல் இரண்டு டாலரையும் காசாக்கியது. யூரோவில் ஒன்றும் இரண்டும் பிறக்கும்போதே காசு.

காசுக்கும் தொல்லைகள் உண்டு. பிரிட்டனின் உருண்டைப் பவுண்டுக் காசில் கடைசிக் காலத்தில் நூற்றுக்கு மூன்று கள்ளக்காசு. அதனால்தான் 2017-ல் பன்னிரண்டு பக்கக் காசுக்கு மாறினார்கள். ஜப்பானில் இன்னும் வேடிக்கை. 500 யென் காசும் தென்கொரியாவின் 500 வோன் காசும் ஒரே அகலம், மதிப்பிலோ பல மடங்கு வித்தியாசம். வோன் காசில் சின்னக் குழி தோண்டி எடையைக் குறைத்து விற்பனை இயந்திரத்தில் போட்டு ஏமாற்றினார்கள். ஜப்பான் 2000-ல் தன் காசையே மாற்ற வேண்டிவந்தது.

நோட்டை எடுத்தால்தான் காசு புழங்கும் என்பது அமெரிக்காவில் அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 1990-லிருந்தே அதைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொடுத்தது. ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் டால்ட்டன் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். டாலர் நோட்டு அச்சடிக்கும் தாள் 1879-லிருந்து அங்கேதான் தயாராகிறது. முக்கால் பங்கு பருத்தி, கால் பங்கு லினன். அந்த க்ரேன் நிறுவனத்துக்கு ஒரு டாலர் நோட்டு பெரிய வியாபாரம். அம்மாநிலத்தின் உறுப்பினர்கள், கட்சி எதுவானாலும், நோட்டின் பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் அரிசோனா. அது தாமிரச் சுரங்கங்களின் மாநிலம். தங்க நிற டாலரில் 88.5 சதவீதம் தாமிரம். அங்கிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கோல்பி ஆண்டாண்டாகக் காசுக்காக மசோதா கொண்டுவந்தார். இரு தரப்பும் வரிப்பணத்தைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான் மேடையில் பேசியது. ஒருவர் பின்னால் பருத்தித் தாள், இன்னொருவர் பின்னால் தாமிரம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். சாதாரணமாகச் சொல்லப்படும் வாதம் இது: நோட்டு சீக்கிரம் கிழியும், காசு முப்பது ஆண்டு உழைக்கும், ஆகவே காசு மலிவு. ஜி.ஏ.ஓ. 2011-ல் முப்பது ஆண்டுகளில் 550 கோடி டாலர் லாபம் என்றது. 2012-ல் அதையே 440 கோடி என்று திருத்தியது. பெரிய தொகைதான். ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சடிக்கும் செலவு மிச்சமாவதால் இல்லை. கிட்டத்தட்ட முழுவதும் நாணய வெளியீட்டு ஆதாயத்திலிருந்து வருகிறது.

அது என்ன ஆதாயம்? நாணயச்சாலை ஒரு டாலர் காசு அடிக்க 2011 வாக்கில் சுமார் 18 சென்ட் ஆனது. அதை ஃபெடரல் ரிசர்வ் ஒரு டாலர் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. மீதி 82 சென்ட் அரசின் கையில். அந்த அளவுக்கு அரசு வெளியே கடன் வாங்க வேண்டியதில்லை, அந்தக் கடனுக்கான வட்டியும் மிச்சம். நோட்டிலும் இதே மாதிரி ஆதாயம் உண்டு. ஃபெடரல் ரிசர்வ் நோட்டை வெளியிட்டுக் கடன்பத்திரம் வாங்குகிறது, அதில் வரும் வட்டி சுற்றிவந்து கருவூலத்துக்கே போகிறது. இரண்டும் சமம் என்றால் காசுக்கு மாறுவதில் என்ன கூடுதல் லாபம்? இங்கேதான் சூட்சுமம். ஒரு நோட்டு செய்யும் வேலையைச் செய்ய ஒன்றரைக் காசு வேண்டும் என்பது ஜி.ஏ.ஓ.வின் கணிப்பு. காசு ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுவதில்லை. ராத்திரி சட்டையைக் கழற்றும்போது டப்பாவில் விழுகிறது, கார் இருக்கையின் இடுக்கில் போகிறது, உண்டியலில் சேர்கிறது. அப்படித் தூங்கும் காசுக்கும் சேர்த்து அடிக்க வேண்டும். தூங்கும் ஒவ்வொரு காசும், வீட்டுக்காரர் அரசுக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன்.

ஆக, 440 கோடி என்பது திறமையாகச் செலவைக் குறைத்ததால் வரும் பணம் அல்ல. கோடிக்கணக்கான வீட்டு உண்டியல்களில் முடங்கும் பணத்தின் மேல் அரசுக்குக் கிடைக்கும் வசதி. அதில் தவறில்லை. ஆனால் அதைச் சிக்கனம் என்று விற்பது நேர்மையில்லை. அந்த ஆதாயத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் காசுக்கு மாறுவது செலவுதான் என்பதை அந்த அறிக்கையே ஒளிக்காமல் சொல்கிறது.

அப்புறம் இன்னொன்று நடந்தது. நோட்டின் ஆயுள் கூடியது. 1990-களில் ஒரு டாலர் நோட்டு பதினெட்டு மாதம் தாங்கும் என்பார்கள். ஜி.ஏ.ஓ. 2011-ல் போட்ட கணக்கில் 40 மாதம். அடுத்த ஆண்டே 56 மாதம். 2019-ல் 7.9 ஆண்டுகள். தாள் மாறவில்லை. பெரிய காரணம், ஃபெடரல் ரிசர்வில் நோட்டுகளை எண்ணிப் பிரிக்கும் இயந்திரங்கள். புதிய இயந்திரங்கள் எது உண்மையிலேயே அழுக்கு என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கின்றன, நன்றாக இருக்கும் நோட்டைத் துண்டுபோட்டு அழிப்பது குறைந்துவிட்டது. மக்களும் ரொக்கத்தை முன்னளவு எடுப்பதில்லை. கைமாறுவது குறைந்தால் கசங்குவதும் குறையும்.

மேலோட்டமாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நோட்டு அச்சடிக்க சுமார் 3 சென்ட். பதினெட்டு மாதத்துக்கு ஒன்று என்றால் முப்பது ஆண்டுக்கு இருபது நோட்டு, 60 சென்ட். ஒன்றரைக் காசு அடிக்க 27 சென்ட். காசு ஜெயிக்கிறது. ஒரு நோட்டு எட்டு ஆண்டு தாங்கினால் முப்பது ஆண்டுக்கு நாலு நோட்டு போதும், 12 சென்ட். காசு தோற்கிறது. இடைப்பட்ட காலத்தில் விலை, வட்டி எல்லாம் மாறியிருக்கும், ஆனாலும் முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது இதிலேயே தெரியும். 2019-ல் ஜி.ஏ.ஓ. தன் பழைய முடிவைத் தானே திருப்பிப் போட்டது. காசுக்கு மாறினால் முப்பது ஆண்டுகளில் 61.1 கோடி டாலர் முதல் 260 கோடி டாலர் வரை அரசுக்கு நட்டம் என்றது. முப்பது ஆண்டுகளாகக் காசுக்காக வாதாடிய அமைப்பு அது. ஆனால் இந்த அறிக்கைக்குப் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை.

ஆகவே என் முடிவு இதுதான். 1979-லோ 2000-லோ நோட்டை நிறுத்தியிருந்தால் அது நல்ல முடிவாக இருந்திருக்கும். இன்று செய்தால் வீண்செலவு. பேருந்து தப்பிவிட்டது.

பணக்கணக்கு மட்டும்தானா என்று கேட்கலாம். பார்வையற்றவர்களின் பக்கமிருந்து பார்த்தால் காசுக்கு ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. ஒரு டாலர் முதல் நூறு டாலர் வரை அமெரிக்க நோட்டு எல்லாம் ஒரே அளவு, தொட்டு அடையாளம் காண முடியாது. இது பாரபட்சம் என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. தடவினால் தெரியும் காசு அவர்களுக்கு உதவியிருக்கும். எடையைப் பற்றிய புகாரை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு காசு 8.1 கிராம், நோட்டு ஒரு கிராம். பையில் நாலைந்து ஒரு டாலருக்கு மேல் யார் வைத்திருக்கிறார்கள்? கல்லாவில் இடமில்லை என்ற புகார் அதைவிட உண்மையானது. அமெரிக்கக் கடைகளின் கல்லாப்பெட்டியில் சென்ட், நிக்கல் (5 சென்ட்), டைம் (10 சென்ட்), குவார்ட்டர் என்று குழிகளுக்கு ஆள் ஏற்கனவே உண்டு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் மடித்து நீட்டும் ஒற்றை டாலர் நோட்டைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது.

இந்தியா இதே பரீட்சையை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்த நாடு. 1994-ல் ஒரு ரூபாய் நோட்டையும் அடுத்த ஆண்டு இரண்டு, ஐந்து ரூபாய் நோட்டுகளையும் அச்சடிப்பதை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் காசு தானாகப் பழகிவிட்டது. 10 ரூபாயில் அப்படிச் செய்யவில்லை. காசும் வந்தது, நோட்டும் தொடர்ந்தது. விளைவு தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்ததுதான். ‘இது செல்லாது’ என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், டீக்கடையிலும் பஸ்ஸிலும் காசைத் திருப்பித் தந்தார்கள். 14 வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. அதற்குப் பிறகும் தயக்கம் போகவில்லை. கையில் 10 ரூபாய் நோட்டு இருக்கும்போது, சந்தேகத்துக்குரிய காசை எதற்கு வாங்க வேண்டும்? டாலர் காசைத் தள்ளிய அமெரிக்கக் கடைக்காரரும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் போட்டிருப்பார், வதந்தி மட்டும்தான் அங்கே இல்லை.

டாலர் காசு நன்றாகப் புழங்கிய ஓர் இடம் உண்டு, அது அமெரிக்காவில் இல்லை. ஈக்வடார் 2000-ல் தன் நாணயத்தைக் கைவிட்டு டாலருக்கு மாறியது. அது டாலர் அச்சடிக்க முடியாது, நோட்டுகளை வரவழைக்கத்தான் வேண்டும். நைந்துபோன ஒற்றை டாலரை உடனே மாற்றித்தர பக்கத்தில் ஃபெடரல் ரிசர்வ் கிளை கிடையாது. அங்கே காசின் ஆயுளுக்கு மதிப்பு இருந்தது. அமெரிக்கர்கள் அலமாரியில் பூட்டிவைத்த சகாகவேயா டாலர் ஈக்வடார் தலைநகர் கீத்தோவின் சந்தைகளில் கைக்குக் கை மாறியது. குழந்தையை முதுகில் கட்டிய அந்தப் பழங்குடிப் பெண்ணின் உருவம் ஆண்டிஸ் மலைமக்களுக்கு அந்நியமாகவும் தெரியவில்லை.

அமெரிக்காவில் இனி என்ன? 2025 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில், புழக்கத்துக்கான ஒரு சென்ட் காசை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சென்ட் அடிக்க மூன்றரை சென்ட்டுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. கல்லாவில் ஒரு குழி காலியாகப் போகிறது. அதில் டாலர் காசை உட்காரவைக்கலாமே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஆனால் ஒரு டாலர் நோட்டின் வடிவத்தை மாற்றுவதற்குக்கூடப் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் ஆண்டுதோறும் செலவு மசோதாவில் எழுதிவைக்கிறது. 1963-லிருந்து அதே வாஷிங்டன், அதே பச்சை. நோட்டை நிறுத்துவது இருக்கட்டும், தொடவே அனுமதியில்லை. நாணயச்சாலை மட்டும் சேகரிப்பாளர்களுக்காக ஆண்டுதோறும் புதுப்புது டாலர் காசுகளை அடித்துக்கொண்டிருக்கிறது. முன்பு தபால் செலவையும் தானே ஏற்று வீட்டுக்கு அனுப்பிய அந்தக் காசை இன்று அங்கே வாங்க வேண்டுமானால், ஒரு டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும்.